பாம்பன் பாலத்துக்கு அடியில் போன பாசி

மண்டபம் கரையில் காய்கிற கப்பாபைகஸ் பாசியை ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். செம்புக் கம்பியைச் சுருட்டிச் சுருட்டிப் போட்டது போல இருக்கும். மேலெல்லாம் உப்புப் பூத்து வெள்ளை படிந்திருக்கும். பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். கடலிலிருந்து அப்போதுதான் தூக்கிய பாசிக்கு உருவமே வேறு. விரல் தடிமனில் கிளை கிளையாக, வழவழப்பாக, தவிட்டு நிறத்திலோ பச்சையிலோ இருக்கும். வளைத்தால் பிஞ்சு வெள்ளரி ஒடிவது போல மொடுக்கென்று ஒடியும்.

அந்த ஒடிதலில்தான் இந்தப் பாசியின் வரலாறு முழுவதும் இருக்கிறது. ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிப் பாசியாக வளரும். விதையும் நாற்றங்காலும் அதற்குத் தேவையில்லை. கயிற்றில் கட்டினால் கயிற்றில் வளரும், பவளத்தின் இடுக்கில் விழுந்தால் அங்கேயும் வளரும். பிலிப்பைன்ஸ் கடலிலிருந்து மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு வரைக்கும் அது வந்து சேர்ந்தது இப்படித் துண்டு துண்டாகத்தான்.

பிறந்த வீடு பிலிப்பைன்ஸுக்கும் மலேசியாவின் சபா மாநிலத்துக்கும் நடுவே கிடக்கும் வெதுவெதுப்பான ஆழமில்லாத கடல். அங்குள்ள பவளத்திட்டுகளில் அது பல பாசிகளுள் ஒரு பாசியாக, தின்னும் மீனுக்கும் அடிக்கும் அலைக்கும் ஈடுகொடுத்து அளவோடு வாழ்ந்துவந்தது. அதை உலகம் தேடி வரக் காரணம் அதன் உடலில் இருக்கும் காராஜீனன் என்ற பசை. ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் இருக்க, சாக்லேட் பாலில் தூள் அடியில் தங்காமல் இருக்க, பற்பசை பிதுக்கினால் வடிவாக நிற்க இந்தப் பசை வேண்டும். முன்பு அயர்லாந்து, கனடா போன்ற குளிர்நாட்டுக் கரைகளில் கிடைக்கும் ஐரிஷ் பாசியிலிருந்து அதை எடுத்தார்கள். தேவை பெருகியபோது கரையில் பொறுக்குவது போதவில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பாசியியல் பேராசிரியர் மேக்ஸ்வெல் டோட்டி 1960களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸின் தென்கடலுக்குப் போய், பாசியைக் கயிற்றில் கட்டிக் கடலிலேயே பயிர் செய்யும் முறையை அங்குள்ள மக்களோடு சேர்ந்து உருவாக்கினார். 1985இல் இந்தப் பாசிக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, தன்னோடு பணியாற்றிய ஆல்வாரெஸ் என்பவரின் பெயரை அதில் சேர்த்தார். சந்தையில் அதன் பெயர் காட்டோனி.

பிலிப்பைன்ஸின் சுலு கடலோரத்து ஏழைக் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது, இதை மறுக்க முடியாது. முதலீடு கயிறும் கம்பும்தான், உரம் கிடையாது, நன்னீர் கிடையாது, ஒன்றரை மாதத்தில் அறுவடை. அதனால்தான் வெப்பமண்டலக் கடல் உள்ள நாடுகள் ஒவ்வொன்றும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டன. தான்சானியாவின் சான்சிபார் தீவுக்கும் 1980களின் இறுதியில் அது பிலிப்பைன்ஸிலிருந்தே போனது. கப்பலின் அடிவயிற்றில் ஒளிந்துகொண்டு நாடு கடக்கும் கடல் உயிர்கள் எத்தனையோ உண்டு. இந்தப் பாசிக்கு அந்தக் களவு தேவைப்படவே இல்லை. ஈரத்தில் பொதிந்து, பாதுகாத்து, மனிதக் கைகளே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

முதல் எச்சரிக்கை ஹவாயில் கிடைத்தது. ஆராய்ச்சிக்காக 1974இல் ஓவாஹு தீவின் கனியோஹே விரிகுடாவுக்கு அதைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆழமான வாய்க்காலைத் தாண்டி அது வேறு திட்டுக்குப் போகாது என்று 1980களில் கருதப்பட்டது. 1990களில் போய் அளந்தபோது, விட்ட இடத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி அது பவளத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இந்தியாவில் இதைப் பயிர் செய்யலாமா என்று பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அங்கே இது நடந்துகொண்டிருந்தது. கவலையோடு சொல்கிறேன், நாம் அந்தப் பாடத்தை உரிய நேரத்தில் படிக்கவில்லை.

இந்தியாவுக்கு அது ஜப்பான் வழியாக வந்தது. பவநகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் அதைக் கொண்டுவந்து குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் வளர்த்துப் பார்த்தது. பிறகு 1995இல் அது மண்டபத்துக்கு வந்தது. ராமேசுவரம் தீவை ஒட்டி, வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே பாம்பன் கால்வாய். அலை அதிகம் அடிக்காத பாக் விரிகுடாவின் நீர் அதற்குப் பிறந்த வீடு போலவே ஒத்துப்போனது.

இங்கே ஒரு கணம் நின்று, பாம்பன் பக்கத்துப் பாசிப் பெண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாசி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே, சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாரில் மூழ்கி நாட்டுப் பாசி எடுத்து வந்தார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிவார்கள். கல் கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிக்கிழிசல் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டு, மூச்சை அடக்கி முங்கி எடுக்கிற வேலை. மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் கடலையும் அரசு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. போகப் போகக் கட்டுப்பாடு இறுகியது. தாயும் பாட்டியும் பாசி எடுத்த இடத்துக்குப் போனதற்காகவே பெண்கள் பிடிபட்டார்கள், படகும் பாசியும் பறிபோயின. பாசி அழியாமல் இருக்க, மாதத்தில் இத்தனை நாள்தான் கடலுக்குப் போவது என்று தாங்களாகவே கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்களும் இந்தப் பெண்கள்தான். அவர்களுக்குத் தலைமை தாங்கிப் போராடிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது.

தீவுக்குப் போகாதே என்று சொன்ன உலகம், அதற்கு மாற்றாக அவர்கள் கையில் கொடுத்தது கப்பாபைகஸ். 2000ஆம் ஆண்டு வாக்கில் பவநகர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைப் பெப்சி நிறுவனம் உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது. சுய உதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைத்தது. ஊரார் அந்தப் பாசிக்குப் பெப்சிப் பாசி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2008இல் தொழில் வேறு நிறுவனத்துக்குக் கைமாறிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

தெப்பம் கட்டுகிற வேலையைப் பார்த்தால் அதில் இருக்கும் கைத்திறன் தெரியும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், மூலைக்கு மூலை குறுக்கு மூங்கில். கரையில் நிழலில் உட்கார்ந்து பெண்கள் இருபது கயிறுகளில் சாண் இடைவெளிக்கு ஒரு பாசித் துண்டாக முடிச்சிடுவார்கள். முடிச்சு இறுகினால் பாசி ஒடியும், தளர்ந்தால் நழுவும். ஒரு தெப்பத்துக்கு 60 கிலோ விதைப்பாசி வேண்டும். ஓரா மீன் வந்து கடிக்காமல் இருக்க அடியில் வலை விரித்துக் கட்டுவார்கள். 45 நாளில் அது மூன்று, நான்கு மடங்காகிவிடும். அதில் 60 கிலோவை அடுத்த விதைக்கு ஒதுக்கிவிட்டு மீதியைக் காயப்போடுவார்கள். கணவன் கடலுக்குப் போகாத நாளிலும் அடுப்பு எரியக் காரணமாக இருந்த பயிர் இது. இதை வளர்த்தவர்கள் மீது குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

அரசும் ஆபத்தை அறியாமல் இல்லை. 2005 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. பாக் விரிகுடாவின் வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இந்த வெளிநாட்டுப் பாசியை வளர்க்கலாம், நடுவே உள்ள தீவுக் கடலில் கூடாது என்பது அதன் சாரம். தாளில் அது சரியான எல்லை. கடலில் அந்த எல்லைக்கு வேலி ஏது? புயல் வந்தால் தெப்பம் அறுத்துக்கொண்டு போகும். அறுவடையின்போது ஒடிந்து விழும் துண்டை யாரும் தேடிப் போவதில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் நீவாடு, அதாவது நீரோட்டம், பாக் விரிகுடாவிலிருந்து பாம்பன் கால்வாய் வழியாகத் தெற்கே இறங்கும். ரயில் மேலே போகிற பாலத்துக்கு அடியில், ஒரு கைப்பிடிப் பாசித் துண்டு போவதை யார் பார்த்திருக்க முடியும்? கால்வாயைக் கடந்தால் அருகிலேயே கிடப்பது குருசடைத் தீவு.

குருசடை சாதாரணத் தீவில்லை. உயிரியல் படிப்பவர்களின் சொர்க்கம் என்று ஒரு நூற்றாண்டாகப் பெயர் பெற்றது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது. கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போய் நட்சத்திர மீனையும் கடல் வெள்ளரியையும் கண்ணால் பார்த்துக் கற்றார்கள். அந்தத் தீவின் பவளத்தின் மேல் கப்பாபைகஸ் படர்ந்திருப்பதை மதுரையைச் சேர்ந்த சந்திரசேகரனும் உடன் ஆய்வாளர்களும் கண்டு, 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். பெரும்பாலும் மான்கொம்புப் பவளங்களின் மேல் அது ஏறியிருந்தது. பின்னர் சிங்கிலித் தீவு, முள்ளித் தீவுப் பக்கத்திலும் அதைப் பார்த்தார்கள்.

பவளம் எப்படிச் சாகிறது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். மீனவர் முருகைக்கல் என்று சொல்லும் அந்தக் கல்லின் மேல்தோலில் ஊசிமுனை அளவுள்ள உயிர்கள் ஆயிரமாயிரமாகக் குடியிருக்கின்றன. அவற்றின் உடலுக்குள் அதைவிட நுண்ணிய பாசி வாழ்கிறது. அது வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தனக்கு இடம் கொடுத்த உயிருக்கும் ஊட்டுகிறது. பவளத்தின் நிறம் அந்த உள்வாசியின் நிறம்தான். கப்பாபைகஸ் துண்டு ஒன்று மான்கொம்பின் கிளை இடுக்கில் சிக்கினால், முதலில் அடிப்பக்கம் தட்டையாகப் பரவிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கிளை விடும். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் போல மூடும். மூடிய இடத்தில் வெயில் இறங்காது, நீர் ஓடாது, வண்டல் தங்கும். உள்ளே சமையல் நின்றுபோகும். சில வாரங்களில் மேலே பாசி செழித்துக் கொண்டிருக்க, விலக்கிப் பார்த்தால் அடியில் பவளம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். செத்த கிளை பாரம் தாங்காமல் முறியும். கிளைகளுக்கு நடுவே பதுங்கியிருந்த குஞ்சு மீனும் நண்டும் இடம் தேடிப் போகும். புதிய பவளக் குஞ்சு வந்து ஒட்டுவதற்குச் சுத்தமான கல் இருக்காது.

மன்னார் வளைகுடாப் பவளம் ஏற்கெனவே பட்ட அடிகள் கொஞ்சமில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் கல்லை வெட்டி எடுத்தோம். 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் பவளம் வெளுத்துப் பெருமளவு மடிந்தது. 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. நோயாளியின் மேல் போர்த்திய ஈரச் சாக்காக வந்து சேர்ந்தது இந்தப் பாசி.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். பாசியைக் கொண்டுவந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2010இல் குருசடையை ஆய்ந்து, பாசி மூடியிருக்கும் பரப்பு மொத்தப் பவளப் பரப்பில் மிக மிகச் சிறிய பங்குதான் என்று எழுதினார்கள். அவர்கள் அளந்த அளவில் அது பொய்யில்லை. ஆனால் எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாக இல்லை. துண்டிலிருந்து முளைக்கும் ஓர் உயிரைப் பரப்பளவைக் கொண்டு எடை போடுவது, வைக்கோல் போரில் விழுந்த நெருப்பைத் தீக்குச்சியின் நீளத்தை வைத்து அளப்பது போன்றது. சிறிதாக இருந்த அந்த நேரம்தான் அதை முழுக்கக் களைந்திருக்க வேண்டிய நேரம்.

2013 வாக்கில் கதை இன்னொரு பக்கம் திரும்பியது. கோடை வெப்பம் கடலில் ஏறியது, நோய் வந்தது. தெப்பங்களில் கட்டிய பாசி வெளுத்து, அழுகி, கொத்துக் கொத்தாகக் கடலில் விழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானம் ஓரிரு பருவங்களில் விழுந்தது. ஒரே பாசியின் துண்டுகளையே ஆண்டுக்கணக்காக மறுபடி மறுபடி கட்டிவந்ததால் விதைப்பாசியின் வீரியம் குறைந்திருந்தது. உடனே எழுந்த கோரிக்கை, வெளிநாட்டிலிருந்து புதிய விதைப்பாசி கொண்டு வாருங்கள் என்பது. 2024இல் மத்திய மீன்வளத் துறை உயிருள்ள கடற்பாசி இறக்குமதிக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அனுமதி வேண்டும், தனிமைப்படுத்தி வைக்க வேண்டும், நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கின்றன அந்த நெறிகள். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. ஆக, இந்தப் பாசியின் பயணம் முடியவில்லை. இன்னும் பெரிய அளவில் தொடரப் போகிறது.

இனி அதைக் களைவது எப்படி? ஹவாயில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். கனியோஹே விரிகுடாவில் 2000களின் நடுவில் ஒரு மிதவையின் மேல் பம்பு வைத்து, நீளக் குழாயைக் கடலுக்குள் விட்டார்கள். முக்குளிப்பவர்கள் பவளத்திலிருந்து பாசியைக் கையால் பிரித்துக் குழாய் வாயில் ஊட்ட, மேலே மிதவையில் அது வந்து கொட்டும். அதில் சிக்கி வந்த மீனையும் நண்டையும் பொறுக்கி மறுபடி கடலில் விட்டார்கள். பாசியை மூட்டை கட்டி உழவர்களுக்கு உரமாகக் கொடுத்தார்கள். ஆனால் எடுத்த இடத்தில் ஒட்டு மிஞ்சினால் அது மீண்டும் முளைத்தது. அதனால் 2011 முதல், அந்தக் கடலுக்கே உரிய ஒரு வகைக் கடல் முள்ளெலியைப் பொரிப்பகத்தில் வளர்த்து, சுத்தம் செய்த பவளத்தின் மேல் கொண்டுபோய் விட்டார்கள். முள்ளெலி இரவும் பகலும் மேய்ந்து, மிஞ்சிய ஒட்டையும் துளிரையும் தின்றது. கையால் எடுப்பதும் முள்ளெலி மேய்வதும் சேர்ந்த திட்டுகளில் அந்நியப் பாசி 85 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொன்னது. முள்ளெலியையும் பம்பையும் அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஓர் அந்நிய உயிரை அடக்க இன்னொன்றை அவசரமாக இறக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஹவாயில் பலித்தது அந்தக் கடலின் சொந்த முள்ளெலி என்பதை மறக்கக் கூடாது. நம் பாரில் மேயும் ஓராவையும் கிளிமீனையும் வலையில் வாரி எடுத்துவிட்டு, பாசியை யார் தின்பார்கள் என்று கேட்பதில் பொருளில்லை.

குருசடையில் வனத்துறை பல முறை ஆட்களை இறக்கிக் கையால் பாசியைப் பிடுங்கியிருக்கிறது. பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. ஒரு கையால் பவளம் முறியாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாசியை அடியோடு நெம்ப வேண்டும். இழுத்தால் ஒடியும். ஒடிந்தது நீவாட்டில் போனால் அடுத்த திட்டில் முளைக்கும். நகக்கண் அளவு ஒட்டு கல்லில் மிஞ்சினாலும் சில மாதத்தில் பழையபடி தழைக்கும். ஆண்டுக்கு ஒரு முறை படம் எடுத்துக்கொள்ளச் செய்யும் துப்புரவு இதற்கு உதவாது. ஒரே இடத்துக்கு மாதந்தோறும் போய், முளைத்ததை எடுத்து, எத்தனை கிலோ என்று நிறுத்து எழுதிவைக்கிற வேலைதான் உதவும்.

அந்த வேலைக்குத் தகுதியானவர்களை வெளியே தேட வேண்டியதில்லை. கஞ்சிப் பாசியையும் மரிக்கொழுந்தையும் தொட்டுப் பார்த்தே பிரித்தறியும் பெண்கள் பாம்பன் கரையில் இருக்கிறார்கள். எந்தத் தீவிலிருந்து அவர்களை வெளியேற்றினோமோ, அந்தத் தீவின் பவளத்தைக் களையெடுக்க நாள்கூலியும் படகும் பாதுகாப்பும் கொடுத்து அவர்களையே அழைக்க வேண்டும். இறக்குமதிப் பாசியால் வரும் வருமானத்தில் ஒரு பங்கை இந்தக் களையெடுப்புக்கு ஒதுக்குவதாகச் சட்டமே இருக்க வேண்டும். கொண்டுவந்தவர் களையவும் கடமைப்பட்டவர். வளமாவூர்க் கடற்பாசிப் பூங்காவில் விதைப்பாசி வளர்க்கும்போது, கஞ்சிப் பாசி போன்ற நம் கடலின் பாசிகளுக்கும் அதே அளவு பணமும் ஆராய்ச்சியும் போக வேண்டும்.

தெப்பம் வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் படகில் போகும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறுவடை நாளில் தெப்பத்துக்கு அடியில் ஒரு சிறு கண் வலையைக் கட்டி, விழும் துண்டையும் கரைக்கே கொண்டு வாருங்கள். அழுகிய பாசியைக் கடலில் கொட்டாதீர்கள், மணலில் புதையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தெப்பத்தை முதல் நாளே கரையேற்றுங்கள். தீவுப் பக்கம் பாரில் இந்தப் பாசியைப் பார்த்தால், பிடுங்கி எறியாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.